மைதானத்தில் கணக்கு, வராண்டாவில் இலக்கணம்: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

உடற்கல்வியையும் மற்றப் பாடங்களையும் சேர்த்து நடத்தலாம் என்று யாராவது சொன்னால் பல பள்ளிகளில் அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். வாரத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும் பி.டி. பீரியடில் ஒன்றைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். "விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கிறேன் சார்" என்பார். இரண்டு வாரத்தில் பந்து அலமாரிக்குள் போய்விடும், கரும்பலகை மட்டும் மிஞ்சும். எனவே மற்றதை எல்லாம் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேர்த்து நடத்தும் வகுப்புக்கான நேரம் கணக்கு, அறிவியல், தமிழ், சமூக அறிவியல் பீரியடுகளிலிருந்துதான் வரவேண்டும். பி.டி. பீரியடைத் தொடக்கூடாது. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் பிள்ளைகளுக்கு இருக்கிற நேரமே போதவில்லை. அதில் கைவைப்பதற்குப் பெயர் இணைப்பு இல்லை.

திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பாட ஆசிரியராகவும் இருக்கலாம், உடற்கல்வி ஆசிரியராகவும் இருக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

எது இணைப்பு, எது ஒப்பனை

மைதானத்தின் கோடியில் அட்டைகளைப் பரப்பி, ஓடிப்போய் ஒன்றை எடுத்துவந்து அதிலிருக்கும் கணக்கைப் போடச் சொல்வார்கள். பார்க்க நன்றாக இருக்கும். புகைப்படத்துக்கு இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அங்கே ஓட்டம் தனி, கணக்கு தனி. ஓடாமல் உட்கார்ந்த இடத்திலேயே அதே கணக்கை அதே மாதிரி போட்டுவிடலாம்.

நான் வைத்திருக்கும் சோதனை எளிது. அசைவை எடுத்துவிட்டால் பாடம் கொஞ்சமாவது குறைபட வேண்டும். பாடத்தை எடுத்துவிட்டால் விளையாட்டு கொஞ்சமாவது குறைபட வேண்டும். இரண்டில் எதுவும் குறைபடவில்லை என்றால் அது ஒப்பனை. ஒப்பனை தவறென்று சொல்லவில்லை, தூங்கி வழியும் பிற்பகல் வகுப்பை எழுப்ப அது உதவும். அதை இணைப்பு என்று பாடக்குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.

முதலில் செய்ய வேண்டியவை

உங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் போய் உட்காருங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இந்தப் பருவத்தில் எந்த விளையாட்டு நடக்கிறது, எந்த நேரத்தில் மைதானம் காலியாக இருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு ஓடக்கூடாத உடல்நிலை இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். மூச்சிரைப்பு, வலிப்பு, இதயக் கோளாறு உள்ள பிள்ளை யார் என்பது வகுப்பாசிரியருக்கே சில சமயம் தெரியாது, பி.டி. சாருக்குத் தெரிந்திருக்கும். தொடக்கப் பள்ளியில் தனி உடற்கல்வி ஆசிரியர் இருக்க மாட்டார். அங்கே பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, இடம். நம் பக்கத்தில் மண் ஊருக்கு ஊர் மாறும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டால் நான்கு பேர் நடந்ததும் அழிந்துவிடும், அங்கே கயிற்றையும் முளையையும்தான் நம்ப வேண்டும். கரிசல் காட்டுப் பள்ளிகளில் மழை பெய்தால் மண் காலில் அப்பும், காய்ந்தால் வெடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். ஆற்றுப் பாசனத்து ஊர்களில் தரை நன்றாக இருக்கும், ஆனால் மைதானம் சிறிதாக இருக்கும். எந்த ஊரானாலும் நெருஞ்சியும் உடைமுள்ளும் உண்டு. வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் பாதி வகுப்பாவது இருப்பார்கள். வகுப்புக்கு முந்தைய நாள் மாலை நீங்களே ஒருமுறை மைதானத்தின் குறுக்கே நடந்து பாருங்கள்.

காலம் அதைவிட முக்கியம். மார்ச் பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கு மேல் வெட்டவெளியில் எதுவும் வேண்டாம், வேம்பின் நிழலிலோ வராண்டாவிலோ நடத்துங்கள். மதியச் சாப்பாடு முடிந்த முதல் பீரியடில் ஓட விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும். காற்றாலை சுற்றும் அந்தக் காற்றில் நீங்கள் வெட்டி வைத்த அட்டை ஒன்றுகூடத் தரையில் நிற்காது. அந்த மாதங்களில் எழுத வேண்டியதை ஓட்டுச் சில்லிலும் கூழாங்கல்லிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். முப்பது மீட்டர் அளவு நாடா ஒன்று, பருத்தி அல்லது தேங்காய் நார்க் கயிறு, புளியங்கொட்டை ஒரு படி, கிழிந்த வண்ணத் துணி, விசில். கைப்பேசியில் நிறுத்துக் கடிகாரம் இருக்கிறது. அதற்குமேல் ஏதாவது வாங்கச் சொல்லும் வழிகாட்டியை நான் நம்புவதில்லை.

கணக்கு: கபடிக் களத்தைப் பிள்ளைகளே போடட்டும்

முதன்முதலாக நடத்தும் வகுப்புக்கு இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நம் பக்கத்தில் கபடி தெரியாத பிள்ளை இல்லை. ஆனால் களத்தை எப்போதும் பெரியவர்கள் போட்டுவைத்துவிடுவார்கள். களம் போடுவதற்குள்தான் பாதி வடிவியல் இருக்கிறது.

பெண்களுக்கான களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஆண்களுக்கு 13-க்கு 10. பிள்ளைகளிடம் 12, 8 என்ற இரண்டு எண்களை மட்டும் சொல்லி நாடாவைக் கொடுத்துவிடுங்கள். நான்கு பக்கத்தையும் சரியாக அளந்துதான் போடுவார்கள். போட்டு முடித்தபின் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் களம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அளவு சரி, வடிவம் தப்பு. எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தும் செவ்வகம் ஆகாமல் இணைகரமாக நிற்பதை அவர்கள் காலால் நடந்து பார்க்கிறார்கள். கரும்பலகையில் இதை எத்தனை தடவை வரைந்தாலும் இந்த அளவுக்கு மனத்தில் ஏறாது.

இப்போது கயிற்றை எடுங்கள். 12 மீட்டர் கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்குங்கள். சேர்த்த இடத்தைச் சுழி என்று வைத்து 3-ஆவது மீட்டரிலும் 7-ஆவது மீட்டரிலும் துணி கட்டுங்கள். முடிச்சுப் போட வேண்டாம், முடிச்சு கயிற்றைத் தின்றுவிடும், அளவு குறையும். மூன்று பிள்ளைகள் அந்த மூன்று இடங்களையும் பிடித்து விறைப்பாக இழுத்தால் பக்கங்கள் 3, 4, 5 ஆகும். 3-ஆவது மீட்டரில் நிற்பவரின் மூலைதான் செங்கோணம். கட்டடம் கட்டும் கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதும் இப்படித்தான் என்று சொல்லுங்கள், எவனாவது ஒருவன் "எங்கள் அப்பா இப்படித்தான் செய்வார்" என்பான். அவனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துங்கள். கணக்கில் எப்போதும் பின்வரிசையில் இருப்பவனாக அவன் இருக்க வாய்ப்பு அதிகம்.

நான்கு மூலையும் போட்டபின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கச் சொல்லுங்கள். 12-இன் வர்க்கம் 144, 8-இன் வர்க்கம் 64, கூட்டினால் 208, வர்க்கமூலம் ஏறத்தாழ 14.42 மீட்டர். நாடாவில் 14.40-க்கும் 14.45-க்கும் இடையில் வந்தால் கைதட்டலாம். பிதாகரஸ் தேற்றம் விடைத்தாளைத் தாண்டி ஒரு வேலைக்கு உதவுகிறது என்பதைப் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

களம் போட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடாதீர்கள். அந்தக் களத்தில் பத்து நிமிடமாவது ஆட வேண்டும். ஆடாமல் முடித்தால் அது வெளியில் நடந்த கணக்கு வகுப்பு, வேறொன்றும் இல்லை.

கொஞ்சம் பெரிய வகுப்பானால் வட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு முளையில் கயிறு கட்டி 5 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டமும் 6 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டமும் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் குதிகாலும் பெருவிரலும் தொட அடிமேல் அடி வைத்து நடந்து சுற்றளவை அளக்கட்டும். ஏறத்தாழ 31.4 மீட்டரும் 37.7 மீட்டரும் வரும். வேறுபாடு 6.28 மீட்டர். பிறகு 10 மீட்டருக்கும் 11 மீட்டருக்கும் கேளுங்கள். அதே 6.28. கிணற்றைச் சுற்றினாலும் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கைச் சுற்றினாலும் ஒரு மீட்டர் வெளியே தள்ளினால் கூடுவது அதே 6.28 மீட்டர்தான். பெரியவர்களே இதை எளிதில் நம்ப மாட்டார்கள்.

இங்கிருந்து ஓட்டப் பாதைக்குப் போகலாம். 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் பாதைக்காரர் முன்னால் நிற்பதைப் பார்த்து "அவனுக்கு மட்டும் சலுகையா?" என்று கேட்காத பிள்ளை உண்டா? பாதையின் அகலம் 1.22 மீட்டர். முதல் பாதையை உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும் மற்றவற்றை 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளக்கிறார்கள். அதனால் இரண்டாம் பாதைக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்கிறார். அதற்கடுத்த ஒவ்வொரு பாதைக்கும் 7.67 மீட்டர் கூடும். இதைப் பிள்ளைகளே போட்டுக் கண்டுபிடிக்கட்டும், சலுகைப் பேச்சு அத்தோடு நிற்கும்.

சின்ன வகுப்புகளுக்குப் பாண்டிக் கட்டம் போதும். மூன்றின் மடங்குகளில் மட்டும் நொண்டியடித்துப் போகச் சொன்னால் வாய்பாடு தானாக வரும்.

சமூக அறிவியல்: ஐம்பது மீட்டர் தாமிரபரணி

எனக்கு மிகவும் பிடித்தது இது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் என்று வைத்தால் மைதானத்தில் 50 மீட்டர் ஆறு கிடைக்கும். சுண்ணாம்பாலோ கோலமாவாலோ வளைவு நெளிவோடு போடுங்கள். நேர்கோடாகப் போட்டால் ஆறு வாய்க்கால் ஆகிவிடும்.

ஆற்றின் குறுக்கே பழைய அணைக்கட்டுகள் எட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை சிரட்டையோடு நிற்கட்டும். தண்ணீராக ஓடுவதற்குப் பத்துப் பேர். ஒவ்வொருவர் கையிலும் பத்துப் புளியங்கொட்டை. பாபநாசத்தில் விசில் அடித்ததும் ஓட வேண்டும், ஒவ்வோர் அணையிலும் நின்று அணைக்காரர் கேட்பதைக் கொடுத்துவிட்டு மேலே போகவேண்டும்.

முதல் சுற்றுக்கு விதி எதுவும் சொல்லாதீர்கள். அணைக்காரர் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மேலே நிற்பவர்கள் கைநிறைய அள்ளுவார்கள். நான்காவது அணைக்கு வருவதற்குள் கொட்டை தீர்ந்துவிடும். மருதூரிலும் திருவைகுண்டத்திலும் நிற்பவர்கள் வெறும் சிரட்டையோடு சண்டைக்கு வருவார்கள். "ஏலே, நாங்கள் மட்டும் என்ன பாவம் செய்தோம்?" என்று ஒரு குரல் கட்டாயம் எழும். அந்தச் சண்டையை ஒரு நிமிடம் நடக்க விடுங்கள். கடைமடை விவசாயியின் குறையை நீங்கள் விளக்க வேண்டிய தேவை இனி இல்லை.

இரண்டாவது சுற்றுக்கு விதியை அவர்களே போடட்டும். பெரும்பாலும் "ஆளுக்கு ஒன்று" என்று முடிவு செய்வார்கள். பத்திலிருந்து எட்டு போக ஒவ்வொருவர் கையிலும் இரண்டு மிஞ்சிக் கடலுக்குப் போகும். கடலுக்குப் போகிற இரண்டும் வீணா என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும், அதற்கு நீங்கள் விடை சொல்லாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது சுற்று, கார் பருவம். நம் பக்கத்து இரண்டு நெல் பருவங்களில் அது ஒன்று, மற்றது பிசானம். பிசானத்தின் அளவுக்கு அப்போது தண்ணீர் இல்லை என்று சொல்லி ஆளுக்கு ஐந்து கொட்டை மட்டும் கொடுங்கள். அதே ஆளுக்கு ஒன்று விதியில் ஐந்தாவது அணையோடு தண்ணீர் முடிந்துவிடும். சுத்தமல்லியிலிருந்து கீழே எல்லாம் காய்ந்து கிடக்கும். இப்போது மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு என்று உபநதிகளை விடுங்கள். சிற்றாறு சீவலப்பேரியில் சேர்கிறது, கடனாநதி திருப்புடைமருதூரில். மற்றவை எந்த அணைக்கு மேலே, எதற்குக் கீழே என்று வரைபடத்தைப் பார்த்து அவர்களே போய் நிற்கட்டும்.

மூன்று சுற்று முடியும்போது ஒவ்வொரு பிள்ளையும் நின்று, குனிந்து, திரும்பி, மறுபடி வேகமெடுத்து ஓடியிருக்கும். பி.டி. சார் இதைத்தான் வேறு பெயரில் தினமும் செய்ய வைக்கிறார். பெரிய வகுப்பில் பின்னத்தையும் சேர்க்கலாம். நூறு கொட்டையில் ஒவ்வோர் அணையும் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் எட்டு அணைக்குப் பிறகு ஏறத்தாழ 43 மிஞ்சும். ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் 17-தான். இதை நோட்டில் போடட்டும், அரைக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது.

வரலாற்றுக்கு இதுபோல் ஒன்று செய்ய ஆசை வரும். காலக்கோடு நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால், கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799-இலிருந்து நெல்லை எழுச்சி நடந்த 1908 வரை 10.9 மீட்டர், அங்கிருந்து 1947 வரை 3.9 மீட்டர். ஓடிப் பார்த்தால் இடைவெளி புரியும். போரை நடித்துக் காட்டுகிறேன் என்று குச்சியைக் கையில் கொடுத்தால் யார் வெள்ளைக்காரன் என்பதிலேயே பீரியடு போய்விடும், மண்டையும் உடையும்.

தமிழ்: அசையைக் காலால் பிரித்தல்

யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், என்றாலே பிள்ளைகள் முகம் வாடும். காரணம், ஓசையைப் பற்றிய பாடத்தை ஓசையில்லாமல் நடத்துகிறோம். இதற்கு மைதானம்கூட வேண்டாம், வராண்டா போதும், மழைநாளுக்கு ஏற்றது.

குறிலோ நெடிலோ தனித்து வருவது நேரசை, அதற்கு ஓர் அழுத்தமான மிதி. குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்து வருவது நிரையசை, அதற்கு இரண்டு விரைவான துள்ளல். பின்னால் மெய்யெழுத்து வந்தால் அதே அசையில் சேரும். இவ்வளவுதான் விதி. பாடலுக்குப் போகாமல் ஊர்ப்பெயரில் தொடங்குங்கள். இரண்டு அசை சேர்ந்த ஈரசைச் சீர் நான்கு வகை, தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்பவை அவற்றின் வாய்பாட்டுப் பெயர்கள். நம் பக்கத்து ஊர்களே நான்குக்கும் கிடைக்கின்றன. நெல்லை என்றால் நெல், லை: இரண்டு மிதி, தேமா. உவரி என்றால் உவ, ரி: துள்ளல், மிதி, புளிமா. வள்ளியூர் என்றால் வள், ளியூர்: மிதி, துள்ளல், கூவிளம். பணகுடி என்றால் பண, குடி: இரண்டும் துள்ளல், கருவிளம்.

வராண்டாவின் நான்கு மூலைக்கும் நான்கு வாய்பாட்டின் பெயரை வையுங்கள். நீங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் நின்ற இடத்தில் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு உரிய மூலைக்கு ஓட வேண்டும். பேட்டை, அம்பை, தருவை, கடையம் என்று கலந்து விடுங்கள். கடையத்தில் பலர் தடுமாறுவார்கள். கடை, யம் என்று பிரிப்பதா, க, டை, யம் என்று பிரிப்பதா? இரண்டையும் மிதிக்கச் சொன்னால் காது எதை ஒப்புகிறது என்று தெரிந்துவிடும். பிறகு விதியைக் காட்டுங்கள்: குறிலும் நெடிலும் இணைந்து வந்தால் நிரை. வள்ளியூரிலும் இதே இடறல்தான். வள், ளி, யூர் என்று மூன்று மிதி மிதிப்பவர்கள் இருப்பார்கள்.

ஈரசை கைவந்தபின் மூவசை. முக்கூடலும் ஏர்வாடியும் தேமாங்காய். களக்காடு புளிமாங்காய். நாங்குநேரி, பத்தமடை, பாபநாசம் மூன்றும் ஒரே அடவு: மிதி, துள்ளல், மிதி, கூவிளங்காய். மூன்று குழு மூன்று ஊரைச் சொல்லிக்கொண்டே ஒன்றாக மிதித்தால் ஒயிலாட்டம் ஆடுவதுபோலவே இருக்கும். ஒயிலாட்டமோ கும்மியோ தெரிந்த பிள்ளை இருந்தால் வகுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடலாம்.

இதற்கு அப்புறம் குறளை எடுங்கள். குறளுக்கு ஏழு சீர், கபடி அணிக்கு ஏழு பேர். ஏழு பேரும் ஆளுக்கொரு சீராக வரிசையில் நின்று தங்கள் முறை வரும்போது மிதிக்க வேண்டும். கடைசிச் சீர் மட்டும் ஏன் சட்டென்று நிற்கிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். குறளின் கடைசிச் சீருக்குரிய நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அறிவியல்: மூச்சும் நாடியும்

இதில் கருவி உடம்பேதான், ஆகவே சுருக்கமாகச் சொல்லலாம். மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து நாடி பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பெருவிரலால் பார்க்கக்கூடாது, அதன் துடிப்பே குழப்பும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது ஒன்று, ஒரு சுற்று ஓடியவுடன் ஒன்று, பிறகு ஒவ்வொரு நிமிடமும் ஒன்று. வரைபடத்தாளில் போட்டால் ஏறி இறங்கும் கோடு வரும். யாருடைய கோடு விரைவில் இறங்குகிறது என்பதுதான் பேச வேண்டியது. யாருடையது உயரமாக ஏறியது என்பதைப் போட்டியாக்காதீர்கள்.

"கபடி, கபடி" என்று ஒரே மூச்சில் எத்தனை நொடி பாட முடிகிறது என்று பாருங்கள். எதிரணிக்குள் பாடிப்போகும் ரெய்டுக்கு 30 நொடி. பேச்சு வெளிமூச்சில்தான் நடக்கிறது என்பதும் உள்ளிழுக்கும்போது பாட்டு அறுந்துபோவதும் அப்போது புலப்படும்.

வேகத்துக்கு 10, 20, 30 மீட்டரில் ஆளுக்கொரு கடிகாரத்தோடு நிற்கவையுங்கள். முதல் பத்து மீட்டருக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், முடுக்கம் என்பதை அதுவே காட்டிவிடும். 30 மீட்டரை 6 நொடியில் ஓடினால் நொடிக்கு 5 மீட்டர், மணிக்கு 18 கிலோமீட்டர். ரத வீதியில் நெரிசல் நேரத்து டவுன் பஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கே தோன்றும்.

உராய்வுக்கு வடம் இழுத்தல். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடத்தைப் பிடித்தவர்கள் வீட்டில் யாராவது இருப்பார்கள். மணலில் ஒருமுறை, கெட்டித் தரையில் ஒருமுறை, செருப்போடும் இல்லாமலும் இழுத்துப் பார்க்கட்டும். தேரை நகர்த்தப் பின்னாலிருந்து தடி போட்டு நெம்புவதையும் சொன்னால் நெம்புகோல் பாடத்துக்கு வழி திறக்கும். இளவட்டக்கல் தூக்கும் ஊர்ப் பிள்ளைகள் அதையும் கேட்பார்கள். கல்லைத் தூக்க விடாதீர்கள், முழங்காலை மடக்கி எழுவதற்கும் இடுப்பை வளைத்து எழுவதற்கும் உள்ள வேறுபாட்டை வெறுங்கையோடு செய்து காட்டினால் போதும்.

மேசை, பெஞ்சுக்கு நடுவே

மழையென்றால் கணக்கை வராண்டாவில் எண்கோடாக வைத்துக்கொள்ளலாம். கழித்தல் 10-இலிருந்து கூட்டல் 10 வரை கோடு போடுங்கள். எல்லோரும் கூட்டல் பக்கம் பார்த்து நிற்பார்கள். "கழித்தல்" என்றால் பின் திரும்பு. குறையெண் என்றால் முதுகுப்பக்கமாக நடை. 3-லிருந்து குறை 2-ஐக் கழிக்க வேண்டும்: 3-இல் நில், பின் திரும்பு, முதுகுப்பக்கமாக இரண்டடி. போய் நிற்பது 5-இல். குறையும் குறையும் சேர்ந்தால் நிறை என்று மனப்பாடம் செய்தவர்கள் அதை முதன்முதலாக நம்புவது இங்கேதான்.

வகுப்பை நடத்தும் முறை

40 நிமிடத்தில் மைதானத்துக்குப் போய்ச் சேரவே ஐந்து நிமிடம் ஆகும் என்று கணக்கு வையுங்கள். விதியை வகுப்பறையிலேயே சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்தபின் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு நிமிடம் உடலைச் சூடாக்கும் அசைவுகள். பிறகு இருபது நிமிடம் செயல். கடைசி எட்டு நிமிடத்தில் நிழலில் உட்கார்ந்து நோட்டில் எழுத வேண்டும்: என்ன அளந்தோம், என்ன வந்தது, எங்கே மாறியது. இந்த எட்டு நிமிடத்தை விட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு விளையாட்டு மட்டும் நினைவிருக்கும், தலைமையாசிரியருக்கும் "சத்தம் போட்டார்கள்" என்பது மட்டும் நினைவிருக்கும்.

விசிலுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும்: நின்ற இடத்தில் நில். குழுவுக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். வரிசையில் காத்து நிற்கும் நேரம் ஓடும் நேரத்தைவிடக் கூடினால் அந்தச் செயலை மாற்றிவிடுங்கள். தண்ணீர்க் குடம் மைதானத்திலேயே இருக்கட்டும்.

மதிப்பெண் எழுதும் வேலையை எப்போதும் ஒரே பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். காலில் குறையுள்ள பிள்ளைக்கும் பருமனான பிள்ளைக்கும் அது தானாகவே போய்ச்சேரும், அவர்களும் பழகிவிடுவார்கள். ஆற்று விளையாட்டில் சக்கர நாற்காலிப் பிள்ளையும் தண்ணீராக ஓடலாம், கோட்டைக் கெட்டித் தரையில் போட்டால் போதும். "இன்று ஓட முடியாது" என்று சொல்லும் பெண்பிள்ளையிடம் காரணம் கேட்க வேண்டாம், கடிகாரத்தைக் கொடுத்துவிடுங்கள். வகுப்பில் யார் வேகமாக ஓடுகிறார் என்பதற்குப் பாட மதிப்பெண்ணில் இடமில்லை. செங்கோணம் சரியாக விழுந்ததா, அசை சரியாகப் பிரிந்ததா, அதற்குத்தான் மதிப்பெண்.

மாதத்துக்கு இரண்டு வகுப்பு இப்படி நடத்தினால் தொடக்கத்துக்குப் போதும். வேலை முடிந்ததும் புளியங்கொட்டையை மூடியுள்ள டப்பாவில் போட்டுவையுங்கள், எலி இழுத்துப் போகும். கயிறு மழையில் நனைந்திருந்தால் உலர்த்தி, அடுத்த தடவை துணி கட்டுவதற்கு முன் 12 மீட்டரை நாடாவோடு மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். நைலான் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும்.